வடக்கு நார்வே கரையில் பறவை, விலங்குப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் வடகிழக்கு மூலையில், ஃபின்மார்க் பகுதியில் வராங்கர் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. கேமராவோடு நான்கு முறை அங்கே போய் வந்திருக்கிறேன். மூன்று முறை கோடையில், ஒரு முறை மார்ச் பனியில். போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். லென்ஸில் தொடங்குவார்கள். நான் பறவையில் தொடங்கச் சொல்வேன். அதனால் இங்கேயும் லென்ஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இவ்வளவு தூரம் போக அங்கே அப்படி என்ன இருக்கிறது?

வராங்கர் ஏறக்குறைய 70 டிகிரி வடக்கில் இருக்கிறது. இதே அட்சரேகையில் வேறு பல இடங்களில் குளிர்காலக் கடல் உறைந்துவிடும். இங்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் கடலை உறையவிடுவதில்லை. பேரன்ட்ஸ் கடலில் கேப்லின் போன்ற சிறு மீன்கள் ஏராளம். மீன் இருக்கிற இடத்தில் பறவை. ஒரு பக்கம் கடற்பாறைகளில் ஆயிரமாயிரமாய் கடற்பறவைகள், சாலையின் மறுபக்கம் மரமே இல்லாத துந்த்ரா வெளி. காரை விட்டு இறங்காமலேயே இரண்டு உலகத்துப் பறவைகளையும் பார்க்கலாம்.

கிர்கெனெஸ் நகரம் வரை விமானத்தில் வந்து, வாடகைக் காரில் ஃபியோர்டை, அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலை, சுற்றிக்கொண்டு போவது வசதி. வாட்சோ என்ற ஊர் ஏறத்தாழ 170 கி.மீ., அங்கிருந்து வார்டோ இன்னொரு 75 கி.மீ. வார்டோ ஒரு தீவு ஊர். 1982இல் திறந்த, 2.9 கி.மீ. நீளமுள்ள கடலடிச் சுரங்கப்பாதை வழியாக உள்ளே நுழைய வேண்டும். நார்வேயின் முதல் கடலடிச் சுரங்கம் அதுதான். ஈ75 என்ற ஐரோப்பிய நெடுஞ்சாலையின் வடமுனையும் இந்த ஊர்தான். அதே சாலையின் தென்முனை கிரேக்கத்தின் கிரீட் தீவில் இருக்கிறது.

எந்த மாதம் போகலாம்?

எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. பனிப் பின்னணியில் கில்லிமாட் என்ற கடற்பறவை, துறைமுகத்தில் ஆர்க்டிக் வாத்துகள் என்றால் மார்ச். கூடு, முட்டை, குஞ்சு, நள்ளிரவுச் சூரியன் என்றால் ஜூனும் ஜூலையும். வாய் நிறைய மீனோடு வரும் பஃபின் என்ற கடற்பறவையின் படம்தான் கனவு என்றால் ஜூலை முதல் பாதிக்கு முன்னால் போவதில் பயனில்லை. குஞ்சு பொரித்த பிறகுதான் மீன் சுமக்கும். ஆகஸ்டில் பாறைகள் காலியாகிவிடும். எச்சக்கறை மட்டும் மிச்சம் இருக்கும். திமிங்கலத்துக்கு இன்னும் மேற்கே, வேறு பருவத்தில் போக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜூன் கடைசி வாரம் என்று சொல்வேன்.

ஹோர்னோயா தீவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, அங்கே என்ன?

வார்டோ துறைமுகத்திலிருந்து படகில் பத்து நிமிடம். சிறிய தீவு. பாறைச்சுவரில் பருவத்தில் ஒரு லட்சம் வரை கடற்பறவைகள் கூடும். கில்லிமாட், அதன் உறவான பிரன்னிக் கில்லிமாட், ரேஸர்பில், பஃபின், கிட்டிவேக், ஷாக் எனப்படும் நீர்க்காகம், பெரிய கருமுதுகுக் கடற்காகம். மேலே 1896இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

படகை விட்டு இறங்கியதும் முதலில் தாக்குவது வாசனை, அப்புறம் சத்தம். கண் அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். ஷாக் பறவை பாதையின் ஓரத்திலேயே கூடு கட்டியிருக்கும். அதன் மரகதப் பச்சைக் கண்ணை இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் பார்க்கும்போது கை தானாகக் கேமராவுக்குப் போகும். அந்த முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள் என்று நான் சொல்வதைப் பலர் ஏற்பதில்லை. என் முதல் பயணத்தில் நானும் அப்படிச் செய்யவில்லை. அன்று 1,800 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசி ஒரே படம், முதுகு காட்டிய பறவைகள். இரண்டாம் முறை உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பறவை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தக் கல்லில் இறங்குகிறது, இறங்கும் முன் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகு எடுத்தவைதான் இன்றும் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள்.

தீவு பாதுகாக்கப்பட்ட பகுதி. குறித்துவைத்த பாதையை விட்டு விலகக் கூடாது. இது வெறும் சம்பிரதாய விதி என்று நினைக்க வேண்டாம். புல்மேட்டுக்கு அடியில் பஃபின் வளைகள் இருக்கின்றன. ஒரு தவறான கால்வைப்பில் வளையின் கூரை உள்ளே இருக்கும் குஞ்சின் மேல் இடிந்து விழும்.

தொந்தரவு செய்கிறேனா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பறந்துபோனால்தான் தொந்தரவு என்று பலர் நினைக்கிறார்கள். பறந்து போவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே பறவை பலவிதமாகச் சொல்லிவிடும்.

கில்லிமாட் கூட்டத்தைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும்போது ஒன்றையொன்று கோதிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருக்கும். பயம் தொற்றத் தொடங்கினால் தலையை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்கும். ஒன்று ஆட்டினால் பக்கத்துப் பறவையும் ஆட்டும். வரிசை முழுக்க அது பரவும். அந்த நேரத்தில் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அல்லது மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கில்லிமாட் கூடு கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. கூட்டமாகக் கிளம்பினால் முட்டைகள் விளிம்பிலிருந்து உருண்டுவிடும். மிச்சத்தைக் கடற்காகம் தூக்கிக்கொண்டு போகும். வெண்வால் கடற்கழுகு தலைக்கு மேல் கடந்து போகும்போது ஹோர்னோயாவில் இப்படி மொத்தப் பாறையும் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். கழுகு அதன் பிழைப்புக்கு வருகிறது. அதே விளைவை நாம் ஒரு படத்துக்காக உண்டாக்க என்ன நியாயம் இருக்கிறது?

பஃபின் வேறு மாதிரி. அது ஓடாது. வாயில் மீனோடு திரும்பத் திரும்ப உங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தாலோ, இறங்கிய பிறகும் வளைக்குள் போகாமல் நின்றுகொண்டே இருந்தாலோ, நீங்கள் அதன் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். 'அழகாகப் போஸ் கொடுக்கிறது' என்று அதைப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. உள்ளே குஞ்சு பசியோடு இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

ஐடர் வாத்து இன்னொரு பாடம். பெட்டை முட்டையின் மேல் கல் போல உட்கார்ந்திருக்கும். கால் பக்கத்தில் வரும் வரை அசையாது. அதை 'பழகிய பறவை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி நொடியில் பதறி எழும்போது முட்டைகளின் மேலேயே எச்சமிட்டுவிட்டுப் போகும். நாற்றத்தால் எதிரியை விலக்கும் வழி அது. அவ்வளவு தூரம் நெருங்கியிருந்தால் தவறு நம்முடையது.

சீல்களுக்கு ஒரே அடையாளம். தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அதற்கு மேல் நெருங்க வேண்டாம். ஒன்று தண்ணீரை நோக்கி நகர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் வந்துவிட்டீர்கள்.

சட்டப்படி எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்?

நார்வே நிலப்பரப்பில் எல்லாப் பறவைகளுக்கும் பொதுவான ஒரே எண் என்று இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் பயிரிடாத நிலத்தில் யாரும் நடந்து போக உரிமை தருகிறது. 2009இல் வந்த இயற்கைப் பன்மைச் சட்டம் விலங்குகளுக்கும் அவற்றின் கூடு, வளைகளுக்கும் தேவையில்லாத தொந்தரவு கூடாது என்கிறது. காப்பகங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. சில இடங்களில் இனப்பெருக்கக் காலத்தில் நுழைவே கிடையாது. வாசலில் இருக்கும் பலகையை நின்று படியுங்கள்.

இன்னும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெளிவான எண் உண்டு. 2025 ஜனவரி முதல் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அருகிலிருந்து எடுத்த கரடிப் படம் வேண்டும் என்ற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பனியும் வானமும் பெரிதாக இருந்து, ஓரத்தில் சின்னதாக ஒரு கரடி நிற்கும் படம் எனக்கு அதைவிடப் பிடிக்கிறது.

சரி, லென்ஸ்?

ஹோர்னோயாவுக்கு 100-400 மி.மீ. ஜூம் போதும். 600 மி.மீ. கொண்டுபோனவர்கள் அங்கே பின்னால் நகர இடமில்லாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். 70-200 கூட நன்றாக வேலை செய்யும். ஒரு அகலக் கோண லென்ஸும் எடுத்துப் போங்கள். பறவைச்சுவர், கடல், கலங்கரை விளக்கம் எல்லாம் சேர்ந்த படம் அதில்தான் வரும்.

வராங்கர் ஃபியோர்டின் கரையோரம் கதை வேறு. உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் 500, 600 தேவைப்படும். அங்கே காரே நல்ல மறைவிடம். மனிதன் இறங்கினால் கிளம்பும் பறவை, நின்ற காரைப் பொருட்படுத்தாது. கண்ணாடியை இறக்கி, ஒரு பருப்பு மூட்டையையோ மடித்த ஸ்வெட்டரையோ ஜன்னலில் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள், எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை. குறுகிய சாலைகளில் எம் எழுத்துப் போட்ட நீலப் பலகை இருக்கும் இடங்கள் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவதற்கானவை, நிறுத்துவதற்கு அல்ல.

செல்பேசி மட்டும் இருந்தால்? ஹோர்னோயாவுக்குத் தயங்காமல் போங்கள். மற்ற இடங்களில் பைனாகுலரோடு போய்ப் பாருங்கள், படம் எடுப்பதை மறந்துவிடலாம்.

பறக்கும் பஃபினை எடுக்கவே முடியவில்லை. என்ன செட்டிங்?

முடியாததில் ஆச்சரியமில்லை. சிறிய உடம்பு, மணிக்கு ஏறக்குறைய 80 கி.மீ. வேகம். ஷட்டர் 1/2500க்குக் கீழே போக வேண்டாம், துளை எஃப்/5.6 சுற்றி, ஐ.எஸ்.ஓ. தானியங்கியில். ஆனால் எண்களைவிட இரண்டு விஷயங்கள் உதவும்.

ஒன்று, பஃபின்கள் இறங்கும் முன் பாறைக்கு முன்னால் ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வரும். ஒரு பறவையைத் துரத்தாமல், அந்தப் பாதையில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதில் நுழைகிற ஒவ்வொன்றையும் பிடியுங்கள். தூரத்தில் இருக்கும்போதே ஃபோகஸைப் பூட்டிப் பின்தொடருங்கள்.

இரண்டாவது காற்று. எல்லாப் பறவையும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் அடித்தால் பறவையின் முகம் உங்களை நோக்கி வரும். காற்று பலமாக வீசும் நாளில் பஃபின் இறங்கும் முன் அந்தரத்தில் கிட்டத்தட்ட நின்றே விடும். ஆரஞ்சுக் கால்களை விரித்துத் தொங்கவிட்டிருக்கும். எல்லாரும் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த நாளில்தான் நல்ல படம் கிடைக்கும், படகு போகுமானால்.

எக்ஸ்போஷரில் கவனம் தேவை. வெள்ளைக் கிட்டிவேக் கறுப்புப் பாறைக்கு முன்னால் பறந்தால் கேமரா ஏமாந்து வெள்ளையை எரித்துவிடும், முக்கால் ஸ்டாப் குறையுங்கள். பனியில் தலைகீழ், ஒரு ஸ்டாப் கூட்டினால்தான் பனி சாம்பல் நிறமாகாமல் வெள்ளையாக வரும்.

நள்ளிரவுச் சூரியன் படத்துக்கு நல்லதா?

அதற்காகவே போகலாம். வார்டோவில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதில்லை. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, மற்ற ஊர்களில் பதினைந்து நிமிடம் மட்டும் கிடைக்கும் அந்தத் தங்க ஒளி நாலு மணி நேரம் நீடிக்கும். மேகம் மூடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேரன்ட்ஸ் கடற்கரையில் மூடுபனி அடிக்கடி வரும், அதனால் குறைந்தது ஐந்து இரவுகளாவது ஒதுக்குங்கள்.

பகலில் தூங்கப் பழகுங்கள். நான் மதியம் ஒரு மணிக்குப் படுத்து இரவு எட்டுக்கு எழுந்தேன். வாட்சோ தீவிலுள்ள குட்டையில் நள்ளிரவுக்குப் பக்கத்தில் செங்கழுத்து ஃபலரோப் நீந்துவதை அப்படித்தான் எடுத்தேன். உள்ளங்கை அளவுப் பறவை. தண்ணீரில் பம்பரம் மாதிரிச் சுழன்று அடியிலிருந்து பூச்சிகளை மேலே கிளப்பித் தின்னும். இதில் பெண்ணுக்குத்தான் நிறம் அதிகம். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். கரையில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் அதுவே ஒரு மீட்டர் தூரத்துக்கு நீந்தி வரும். அதே குட்டைக்குப் பக்கத்தில் ஒரு உயரமான இரும்புக் கம்பம் நிற்பதைப் பார்ப்பீர்கள். 1926இல் துருவ ஆய்வாளர் ஆமுண்ட்சனின் 'நோர்கே' வான்கப்பல் வடதுருவத்துக்குப் போகும் வழியில் அதில்தான் கட்டப்பட்டது.

குளிர்காலத்தில் என்ன கிடைக்கும்? தாங்க முடியுமா?

ஸ்டெல்லர் ஐடரும் கிங் ஐடரும். ஸ்டெல்லர் ஐடர் சைபீரியத் துந்த்ராவில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்துக்கு வராங்கருக்கு வரும். உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் வாத்து. கிங் ஐடர் ஆணின் நெற்றியில் ஆரஞ்சு நிறப் புடைப்பு ஒன்று இருக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் யாரோ வரைந்துவைத்த பறவை என்றே நினைப்பார்கள்.

போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகத்தில் மிதக்கும் மறைவிடம் இருக்கிறது. விடியும் முன் உள்ளே போய்விட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் லென்ஸ் இருக்கும். பல மணி நேரம் வெளியே வர முடியாது. வாத்துகள் கிளம்பிவிடும் என்பதால் நடுவில் எழுந்து போகவும் கூடாது. எனக்கு நாலாவது மணி நேரத்தில் கால்விரல்கள் மரத்துப்போயின. அந்த நேரம் பார்த்துத்தான் நீள்வால் வாத்துக் கூட்டம் ஒன்று கூவிக்கொண்டே மறைவிடத்தைச் சுற்றி வந்தது.

அந்த ஊருக்குப் போகும் மலைச்சாலையை புயல் நாளில் மூடிவிடுவார்கள், அல்லது பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். ஒரு முறை நான் தங்கியிருந்த விடுதியில் சாலை திறந்திருப்பதாகச் சொன்னதை நம்பிப் போய், தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். சாலைத் துறையின் அறிவிப்பை நீங்களே பாருங்கள். வண்டியில் எரிபொருள், போர்வை, சாப்பாடு எப்போதும் இருக்கட்டும்.

கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். உதிரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும் முன் கேமராவைப் பைக்குள் போட்டு இறுக்க மூடிவிடுங்கள், ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். திறந்தால் லென்ஸின் உள்ளே வரை ஈரம் படியும். அன்று எடுத்ததைப் பார்க்க ஆசைப்பட்டால் கார்டை வெளியிலேயே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் உப்பு குளிரைவிட மோசம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தினமும் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூள் கீறிவிடும். ஹோர்னோயாவில் எச்சமும் மழை மாதிரி விழும். தொப்பி போட்ட மழைக்கோட்டு உங்களுக்கும், உறை கேமராவுக்கும்.

திமிங்கலம் எங்கே, எப்போது?

வராங்கரை விட்டு மேற்கே வர வேண்டும். ஆண்டெனெஸ் ஊருக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வருகிறது. அதனால் ஆழ்கடல் விலங்கான ஸ்பெர்ம் திமிங்கலத்தை இங்கே குறுகிய படகுப் பயணத்தில் பார்க்க முடிகிறது. வருவது எல்லாம் ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடல்களிலேயே இருந்துவிடும். படகோட்டிகள் நீரடி ஒலிவாங்கியைப் போட்டு அதன் 'டிக் டிக்' ஓசையைக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

மேலே வந்தால் சுமார் பத்து நிமிடம் மூச்சு வாங்கும். மூச்சுத்துளை தலையின் முன்பக்கம், இடது ஓரத்தில் இருப்பதால் நீர்ப்புகை முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். அந்தப் பத்து நிமிடம் அவசரப்பட்டு மரக்கட்டை போன்ற முதுகை நூறு படம் எடுக்காதீர்கள். முதுகு வில்லாக வளையத் தொடங்கியதும் தயாராகுங்கள், அடுத்து வால் மேலே எழும். அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் ஆழத்தில் இருக்கும். படகு ஆடும் என்பதால் ஷட்டர் 1/1250 இருக்கட்டும், முக்காலியைக் கொண்டுவர வேண்டாம், முழங்காலை லேசாக மடித்து நில்லுங்கள்.

ஓர்கா எனப்படும் கொலைத் திமிங்கலமும் கூனல் திமிங்கலமும் குளிர்காலத்தில் ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் தொடர்ந்து ஃபியோர்டுகளுக்குள் வரும். 1990களில் டைஸ்ஃபியோர்டில் திரண்டன, சமீப ஆண்டுகளாக ஷெர்வோய் பக்கம். நவம்பர் முதல் ஜனவரி வரை. அதில் பெரும்பாலான நாட்களில் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே வராது. நண்பகலைச் சுற்றிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும். எஃப்/2.8 லென்ஸும் ஐ.எஸ்.ஓ. 6400உம் சாதாரணம். அந்த நீலத்தைக் கணினியில் வெளுக்கச் செய்து 'சரிசெய்யாதீர்கள்', அங்கே அப்படித்தான் இருந்தது.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். திமிங்கலம் போகும் பாதைக்குக் குறுக்கே போவீர்களா, பக்கவாட்டில் தள்ளி நின்று காத்திருப்பீர்களா? பதிலைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ரெய்ன்டீர் மான் காட்டு விலங்குதானே?

ஃபின்மார்க்கில் இல்லை. நீங்கள் பார்க்கும் ஒவ்வொன்றும் சாமி எனப்படும் பூர்வகுடி மேய்ப்பர்களுக்குச் சொந்தமானது. காதில் வெட்டுக்குறி இருக்கும். மே மாதம் குட்டி போடும் காலம், அப்போது நெருங்கினால் தாய் குட்டியை விட்டு ஓடிவிடலாம். சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

ஆலாப் பறவை தலையில் கொத்துகிறதே?

ஆர்க்டிக் ஆலாவின் கூடு பக்கத்தில் இருக்கிறது. முக்காலியையோ குச்சியையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அது உயரமான முனையைத்தான் தாக்கும். அப்படியே வந்த வழியே திரும்பிப் போய்விடுங்கள். தரையில் முட்டை எது, கல் எது என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

ட்ரோன்?

பறவைக் காப்பகங்களில் பொதுவாகவே தடை. விமான நிலையங்களைச் சுற்றி ஐந்து கி.மீ. அனுமதியில்லாமல் கூடாது. இந்தச் சிறிய கரையோர ஊர்கள் பலவற்றில் விமான நிலையம் இருக்கிறது. எடுத்துப் போகாதீர்கள்.

மீன் வீசிக் கழுகை வரவழைக்கும் படகுகளில் போகலாமா?

லோஃபோட்டன் தீவுகள் பக்கம் இது பிரபலம். இரண்டரை மீட்டர் வரை சிறகு விரிக்கும் வெண்வால் கடற்கழுகு படகுக்கு முன்னால் வந்து மீனைத் தூக்கும். நான் ஒரு முறை போனேன், படங்களும் அருமையாக வந்தன. அடுத்த நாள் இணையத்தில் தேடினால் அதே கோணம், அதே மலை, அதே நகவிரிப்பு. அதன் பிறகு எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. படகுச் சத்தம் கேட்டால் மீன் வரும் என்று ஒரு கழுகு கற்றுக்கொள்வது நல்லதற்கில்லை என்றும் நினைக்கிறேன். போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படத்துக்குக் கீழே 'மீன் போட்டு எடுத்தது' என்று மட்டும் எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் கூடு கட்டும் பறவையை வரவழைப்பதை மட்டும் எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

எங்கே எடுத்தேன் என்று வெளியே சொல்லலாமா?

ஹோர்னோயா, எக்கெரோய் கிட்டிவேக் பாறை, நெஸ்ஸெபி கடலோரம் எல்லாம் ஊரறிந்தவை. தாராளமாகச் சொல்லலாம். ஜிர் வல்லூறின் கூடு, பனி ஆந்தை, ஆர்க்டிக் நரியின் வளை ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். நார்வே அரசின் உயிரினப் பதிவேடே இப்படிப்பட்டவற்றின் சரியான இடத்தை மறைத்துத்தான் வைத்திருக்கிறது. படக் கோப்பில் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். வராங்கரில் ஆர்க்டிக் நரியைத் திரும்பக் கொண்டுவர எத்தனையோ ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். ஒரு படத்தால் அது குலையக் கூடாது.

செத்த பறவையைப் பார்த்தால்?

தொட வேண்டாம். 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வராங்கரில் ஆயிரக்கணக்கான கிட்டிவேக்குகளைக் கொன்றது. கூட்டமாகச் செத்துக் கிடந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் போகும் முன் காலணியைக் கழுவுங்கள். 2021ஆம் ஆண்டு நார்வே சிவப்புப் பட்டியலில் கிட்டிவேக்கும் பஃபினும் அழியும் நிலையிலுள்ளவை, கில்லிமாட் அதைவிடக் கடுமையான நிலையில். பாறை நிறையப் பறவையைப் பார்க்கும்போது இதை நம்ப முடியாது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டால் பல பாறைகளில் காலி இடம் தெரியும். ஆகவே நீங்கள் எடுக்கும் அகலமான பாறைப் படத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், கலைநயம் இல்லாவிட்டாலும்.

கில்லிமாட் குஞ்சு குதிப்பதைப் படம் எடுக்க முடியுமா?

கடினம். ஜூலையில், பிறந்து மூன்று வாரமான குஞ்சு, சிறகு முழுசாக முளைக்காமலேயே, பாறை விளிம்பிலிருந்து கடலில் குதிக்கும். தகப்பன் கீழே தண்ணீரில் இருந்து கூப்பிடுவான், அல்லது கூடவே இறங்குவான். அப்புறம் இருவரும் நீந்தியே நடுக்கடலுக்குப் போய்விடுவார்கள். பல வாரங்கள் தகப்பன்தான் ஊட்டுவான். பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் குதிக்கும், வெளிச்சம் குறைந்த நேரம் கடற்காகத்தின் கண்ணுக்குத் தப்ப உதவும்.

வார்டோ பக்கம் படகிலிருந்து ஒரு முறை பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன உருண்டை விளிம்பில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தது. கீழேயிருந்து கரகரத்த குரல் விடாமல் கூப்பிட்டது. இருபது நிமிடம் இருக்கும். குதித்தது ஒரு நொடி. ஷட்டர் 1/500, படகு ஆட்டம், மங்கல் வெளிச்சம். படத்தில் ஒரு கறுப்புக் கோடும் கலங்கிய பாறையும் மட்டும்தான் இருக்கின்றன. அடுத்த படத்தில் தண்ணீரில் இரண்டு தலைகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது, அருகருகே. அது கூர்மையாக வந்திருக்கிறது.